பைரி கூடுதா குறையுதா? ஒரு பறவையோட நீண்டகால ட்ரெண்டை எப்படிப் படிக்கிறது

1960ல பிரிட்டன்ல பந்தயப் புறா வளர்க்கிறவங்க அரசாங்கத்துக்கிட்ட ஒரு புகாரோட போனாங்க. பைரிங்கிற வேட்டைப் பறவை ரொம்பப் பெருகிடுச்சு, பந்தயத்துக்கு விடுற புறாவை நடுவானத்துலயே அடிச்சுத் தூக்கிடுது, அதுக்குக் குடுத்திருக்கிற சட்டப் பாதுகாப்பை எடுத்துடுங்க, இதான் புகார். அதிகாரிங்க சரின்னும் சொல்லல முடியாதுன்னும் சொல்லல, முதல்ல எண்ணிப் பாத்துடலாம்னு முடிவு பண்ணி அந்த வேலைய பிரிட்டிஷ் ட்ரஸ்ட் ஃபார் ஆர்னிதாலஜிங்கிற பறவை ஆய்வு அமைப்புக்கிட்ட விட்டாங்க, டெரெக் ராட்க்ளிஃப்னு ஒரு இயற்கையியலாளர் அதை முன்ன நின்னு நடத்தினார். 1961லயும் 62லயும் தெரிஞ்ச பாறை எல்லாம் ஏறி இறங்கிப் பாத்தா நிலவரம் அப்படியே தலைகீழ். தெற்கு இங்கிலாந்து கடலோரப் பாறைகள்ல இடத்துக்கு இடம் காலி. 1963 வாக்குல கணக்குப் போட்டா ரெண்டாம் உலகப் போருக்கு முன்னாடி இருந்ததுல சுமார் 44 சதவீதம் தான் மிச்சம், அந்த மிச்சத்துலயும் குஞ்சை வளத்து ஆளாக்கினது ரொம்பக் கொஞ்சம்.

அதாவது புறாக்காரங்களுக்கு ‘ஜாஸ்தி ஆயிடுச்சு’ன்னு தோணுன அதே நேரத்துல நிஜத்துல பாதிக்கும் கீழ போயிருந்துச்சு. அவங்க பொய் சொன்னாங்கன்னு நான் நினைக்கல, தன் புறா போனவனுக்கு ஒரு பைரியே நூறா தெரியும். நீண்டகால ட்ரெண்டுன்னா என்ன, அதை எதுக்கு இவ்வளவு மெனக்கெட்டு எடுக்கிறாங்கன்னு யாராச்சும் கேட்டா இந்தக் கதையில இருந்து ஆரம்பிக்கிறது தான் சுலபம்.

பைரி தெரியாதவங்களுக்காக: பெரிக்ரின் ஃபால்கன். காக்கா சைஸ் தான் இருக்கும், கன்னத்துல மீசை மாதிரி கருப்புப் பட்டை, மேல இருந்து இரை மேல பாயும்போது மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும். அண்டார்டிகா தவிர எல்லாக் கண்டத்துலயும் இருக்கு. நம்ம ஊர்லயும் உண்டு, குளிர்காலத்துல வடக்கே இருந்து வந்து மொபைல் டவர், உயரமான கட்டடம்னு எங்கயாச்சும் உக்காந்துக்கிட்டு கீழ போற புறாவைப் பாத்துட்டு இருக்கும், மலைப்பாறைகள்ல வருஷம் பூரா இருக்கிற ஷாஹீனும் இதே இனத்தோட ஒரு வகைதான். ஆனா பல வருஷக் கணக்குன்னு வந்தா பிரிட்டன்ல எடுத்தது தான் வரிசையா உக்காந்து படிக்க வசதியா கிடைக்குது, அதனால பெரும்பாலும் அங்கயே சுத்தப் போறோம்.

முதல்ல எதை எண்றாங்கன்னு பாத்துடுவோம், ஏன்னா இதுல தான் பாதிப் பேர் வழுக்குறாங்க. யாரும் பறவைய ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்றது கிடையாது, எண்றது இனப்பெருக்கம் பண்ற ஜோடிய, இன்னும் சரியா சொன்னா ஜோடி குடியிருக்கிற இடத்தை. பைரி குச்சி பொறுக்கிக் கூடெல்லாம் கட்டாது, செங்குத்துப் பாறையில ஒரு விளிம்பு கிடைச்சா அங்க இருக்கிற மண்ணை லேசா கிளறிப் பள்ளம் பண்ணி அதுலயே முட்டை போட்டுடும். நல்ல விளிம்பா இருந்தா அந்த ஜோடி போன பிறகு வேற ஜோடி அங்கயே வரும், அதுக்கப்புறம் இன்னொண்ணு, இப்படியே தலைமுறை தலைமுறையா ஓடும், இடைக்காலத்துல வல்லூறு பழக்கினவங்க எழுதி வச்ச பாறையில எல்லாம் இன்னிக்கும் பைரி இருக்கிற இடங்கள் உண்டு. எண்றவங்களுக்கு இது பெரிய வசதி, எங்க போய்ப் பாக்கணும்னு முன்னாடியே தெரியும்.

எண்ற வேலை எப்படி நடக்கும்னா, மார்ச் ஏப்ரல்ல ஒரு தன்னார்வலர் டெலஸ்கோப்பை எடுத்துட்டுப் போய் பாறைக்கு எதிர்ல, பறவைக்குத் தொந்தரவு இல்லாத தூரத்துல உக்காருவார். பறவை கண்ணுல படாட்டியும் தடயம் தேடுவார், பாறை விளிம்புக்குக் கீழ சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெள்ளையா எச்சம் வழிஞ்சிருக்கா, அடிவாரத்துல புறா இறகு பிச்சுப் போட்டுக் கெடக்கா, இறகு புதுசா பழசா. ஒரு தடவை போய்ப் பாத்து ஒண்ணும் தெரியலன்னா ‘காலி’ன்னு எழுதிட முடியாது, ஏன்னா அடைகாக்குற பறவை மணிக்கணக்குல அசையாம உள்ள படுத்திருக்கும், மழையா இருந்தா ஆணும் வெளிய சுத்தாது. அதனால திரும்பப் போகணும். அப்புறம் மே ஜூன்ல இன்னொரு தடவை, குஞ்சு இருக்கா எத்தனைன்னு பாக்க. ‘பறவை இல்ல’ங்கிறதுக்கும் ‘பறவைய நாங்க பாக்கல’ங்கிறதுக்கும் நடுவுல இருக்கிற இந்த வித்தியாசத்தை சரியா பிடிக்கலன்னா மொத்தக் கணக்கும் கோணலாயிடும், ட்ரெண்டு எடுக்கிறவங்க தலையைப் பிச்சுக்கிறதே முக்கால்வாசி இதுக்குத் தான்.

இப்போ ஜோடிய மட்டும் எண்றதுல ஒரு ஓட்டை இருக்கு. இடம் கிடைக்காம சும்மா சுத்திட்டு இருக்கிற வளந்த பறவைங்க எப்பவுமே ஒரு கூட்டம் இருக்கும், ஆய்வாளர்கள் இதை ஃப்ளோட்டர்னு சொல்லுவாங்க. பஸ்ல சீட் எல்லாம் நிறைஞ்சு நாலு பேர் நின்னுட்டு வராங்கன்னு வச்சுக்கோங்க, ஒருத்தர் இறங்கினா நிக்கிறவர் டக்குனு உக்காந்துடுவார், சீட்டை மட்டும் எண்றவருக்கு ஒருத்தர் இறங்கினதே தெரியாது. பைரிக்கும் அதே தான். ஜோடியில ஒண்ணு செத்தா ஃப்ளோட்டர் வந்து அந்த இடத்தைப் பிடிச்சுக்கும், கணக்குல ‘ஜோடி இருக்கு’ன்னே வரும். நிக்கிற கூட்டம் தீர்ற வரைக்கும் கோடு நேரா போயிட்டு இருக்கும், தீர்ந்த அன்னிக்கு தடால்னு இறங்கும். அதனால நீளமான ஆயுசு உள்ள வேட்டைப் பறவையோட எண்ணிக்கை ‘நிலையா இருக்கு’ன்னு ஒரு ரிப்போர்ட் சொன்னா நான் உடனே நிம்மதி ஆகுறது இல்ல, குஞ்சு கணக்கு என்ன, ஜோடியில சின்ன வயசுப் பறவை உக்காந்திருக்கான்னு அடுத்த பக்கத்தைத் திருப்பிப் பாப்பேன். வழக்கமா ரெண்டு வயசுக்கு மேல தான் பைரி ஜோடி சேரும், அந்த வயசு வராத பறவைக்கே சுலபமா இடம் கிடைக்குதுன்னா வரிசையில நிக்க ஆள் இல்லன்னு அர்த்தம்.

சரி, 50கள் நடுவுல இருந்து ஏன் விழுந்துச்சு? ரெண்டு அடி ஒண்ணா விழுந்துச்சு, ரெண்டும் வேற வேற விதமான அடி, அதைப் பிரிச்சுப் பாத்தா தான் ட்ரெண்டு எப்படி உருவாகுதுன்னு புரியும். ஒண்ணு டிடிடி. உலகப் போருக்கு அப்புறம் பண்ணையில எல்லாம் அடிக்க ஆரம்பிச்ச பூச்சிக்கொல்லி. பூச்சியத் தின்ன சின்னப் பறவை, அதைத் தின்ன பைரின்னு போகப் போக கொழுப்புல சேந்துக்கிட்டே போகும், உடம்புக்குள்ள அது டிடிஇயா மாறி முட்டை ஓட்டுக்கு சுண்ணாம்பு சேர்றதைக் கெடுத்துடும். ஓடு மெலிசாகும், அடைகாக்க உக்கார்ற அம்மா வெயிட்லயே உடைஞ்சு போகும். இது பறவையக் கொல்லல, அடுத்த தலைமுறைய வர விடாமப் பண்ணுச்சு. இன்னொண்ணு டீல்ட்ரின், ஆல்ட்ரின் மாதிரி மருந்து, 50கள் நடுவுல இருந்து விதைக்கிற கோதுமை பார்லியில கலந்து விட்டாங்க, விதையப் பொறுக்கித் தின்ன புறா செத்துச்சு, அந்தப் புறாவைத் தின்ன பைரியும் செத்துச்சு. இது நேரா வளந்த பறவையையே தூக்கிடுச்சு. பைரி மாதிரி பறவைக்கு ரெண்டாவது அடி தான் ரொம்ப வேகமா இழுக்கும், ஏன்னா சாதாரண நாள்ல வளந்த பறவையில வருஷத்துக்கு ஏறக்குறைய அஞ்சுல ஒண்ணு தான் சாகும், அந்தக் கணக்கை நம்பித் தான் அதோட வாழ்க்கையே ஓடுது, ஒரு வருஷம் குஞ்சு இல்லன்னா தாங்கிக்கும், அம்மா அப்பாவே போயிட்டா தாங்காது.

முட்டை ஓடு கதைய மட்டும் கொஞ்சம் நின்னு சொல்லணும், எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச பகுதி அது. ராட்க்ளிஃப் 50கள்லயே பாறைகள்ல உடைஞ்ச முட்டைகளைப் பாத்திருந்தார், முன்னாடி அப்படிப் பாத்தது அபூர்வம். ஓடு மெலிசாகி இருக்குமோன்னு சந்தேகம் வந்தப்போ பழைய காலத்து ஓட்டோட ஒப்பிட்டுப் பாக்கணுமே, அதுக்கு எங்க போறது? பிரிட்டன்ல முட்டை சேகரிக்கிற ஒரு கிறுக்கு நூறு வருஷத்துக்கும் மேல இருந்துச்சு, பாறையில கயிறு கட்டி இறங்கி முட்டைய எடுத்து, ஓட்டை போட்டு உள்ள இருக்கிறதை ஊதி வெளிய எடுத்துட்டு, வெறும் ஓட்டைப் பெட்டியில பஞ்சு வச்சு தேதியும் இடமும் எழுதி அடுக்கி வைப்பாங்க. 1954ல சட்டம் போட்டுத் தடுத்த வேலை. ஆனா அந்தப் பெட்டிகள் மியூசியத்துலயும் வீடுகள்லயும் அப்படியே இருந்துச்சு. அதுல ஒரு சிக்கல், ஓட்டோட தடிமனை அளக்கணும்னா உடைக்கணும், யார் விடுவாங்க? அதனால அவர் உடைக்காமயே ஒரு வழி பண்ணார், காலி ஓட்டோட எடைய மில்லிகிராம்ல எடுத்து, அதை நீளத்தையும் அகலத்தையும் பெருக்கி வர்ற நம்பரால வகுத்துட்டார். ஒரே சைஸ் முட்டையில எடை கம்மின்னா ஓடு மெலிசு, அவ்வளவு தான். இதை வருஷ வாரியா புள்ளி வச்சுப் பாத்தா 1947 வரைக்கும் பெருசா மாறாம வந்த நம்பர், அதுல இருந்து திடீர்னு இறங்கி சுமார் 20 சதவீதம் கம்மியாகி நிக்குது. 1967ல இதை வெளியிட்டார். யாரோ பொழுதுபோக்குக்குத் திருடின முட்டை தான் கடைசியில சாட்சி சொல்லுச்சு.

இதுல கவனிக்க வேண்டியது வருஷம். ஓடு 1947லயே மெலிசாயிடுச்சு, ஜோடி எண்ணிக்கை விழுந்தது 50கள் நடுவுல. அந்த இடைவெளியில கூடு எண்ற யாருக்கும் ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. எண்ணிக்கைங்கிறது லேட்டா வர்ற செய்தி, குஞ்சு எத்தனை பொழைக்குது ஓடு எப்படி இருக்குங்கிறது முன்னாடியே வர்ற செய்தி, நல்ல கண்காணிப்புன்னா ரெண்டையும் சேத்து எடுப்பாங்க.

அப்புறம் எந்த வருஷத்துல இருந்து ஆரம்பிக்கிறோம்ங்கிறது. நியூஸ்ல ‘இத்தனை மடங்கு பெருகிடுச்சு’ன்னு போடுறப்போ நான் முதல்ல தேடுறது இதைத்தான். பிரிட்டன்ல 1971, 1981, 1991, 2002, 2014ன்னு ஏறக்குறைய பத்து வருஷத்துக்கு ஒரு தடவை தேசிய சர்வே எடுத்தாங்க. 1981 வாக்குல 700 சொச்சம் ஜோடி, 91ல 1,300ஐ ஒட்டி, 2014ல 1,769. இந்த 1,769ஐ 1963ஓட ஒப்பிட்டா நாலு மடங்குக்கும் மேல, ஆகா ஓகோன்னு இருக்கும். 1930களோட ஒப்பிட்டா ரெண்டு மடங்கு. 2002ஓட ஒப்பிட்டா சுமார் 22 சதவீதம் கூடுதல். மூணுமே உண்மை, எதைத் தலைப்புல போடுறோமோ அதுக்கு ஏத்த மாதிரி படிக்கிறவன் மனசு போகும். இன்னொரு கூத்து என்னன்னா அந்த 1930கள் நம்பரே யாரும் அப்போ எண்ணி எழுதினது கிடையாது, பின்னாடி பழைய டைரி, முட்டை சேகரிப்பாளர்கள் குறிப்பு, வல்லூறு பழக்கினவங்க சொன்னதுன்னு எல்லாத்தையும் சேத்துக் கட்டினது. முதல்ல எழுநூறுக்குள்ள வச்சாங்க, பழைய குறிப்பு கிடைக்கக் கிடைக்க 800ஐத் தாண்டிடுச்சு. கடந்த காலமே மாறிக்கிட்டு இருந்துச்சுன்னா பாத்துக்கோங்க.

அந்த 30களும் ஏதோ சொர்க்க காலம்னு நினைக்காதீங்க. அதுக்கு முன்னாடி நூறு வருஷமா வேட்டைப் பண்ணைக் காவல்காரங்க சுட்டுக்கிட்டே தான் இருந்தாங்க. அப்புறம் 1940ல போர் நேரத்துல, விமானப்படை அனுப்புற தூதுப் புறாவை அடிச்சுடுதுன்னு அரசாங்கமே ஆர்டர் போட்டு சுமார் 600 பைரிங்களைக் கொன்னுச்சு, தென்பகுதிக் கடலோரத்துல நிறைய. போர் முடிஞ்சதும் அதுவா மீண்டு வந்துச்சு. ஆக 1945ல கணக்கைத் தொடங்கி 55ல நிறுத்தினவனுக்கு ட்ரெண்டு மேல போகுது, 55ல தொடங்கி 63ல நிறுத்தினவனுக்கு கீழ பாயுது, அதே பறவை அதே பாறை. அதான் ‘நீண்டகால’ங்கிற வார்த்தைக்கு இவ்வளவு அழுத்தம்.

மீட்சிக்கு வருவோம். 1962ல இருந்து வசந்தகால விதைப்புக்கு அந்த விதை மருந்துகளை நிறுத்திக்கிட்டாங்க, அப்புறம் ஒண்ணொண்ணா மத்த உபயோகமும் குறைஞ்சுச்சு, டிடிடி முழுசா போக 80கள் ஆச்சு. மனுஷன் கூண்டுல வளத்து வெளிய விடாமயே பைரி பெரும்பாலும் தானா திரும்புச்சு, முதல்ல வடக்கும் மேற்கும், கடைசியா தென்கிழக்கு. அமெரிக்காவுல கதை வேற. அங்க 1964ல கிழக்குப் பகுதியில முன்னாடி தெரிஞ்ச 133 இடத்துக்குப் போய்ப் பாத்தாங்க, ஒண்ணுல கூட ஜோடி இல்ல. பூஜ்யத்துல இருந்து தானா எதுவும் பெருகாதே, அதனால டாம் கேட்னு ஒரு பேராசிரியர் கார்னெல் பல்கலைக்கழகத்துல பைரியக் கூண்டுல பெருக்கி வெளிய விடுற வேலைய ஆரம்பிச்சார், 1972ல டிடிடிக்குத் தடை வந்துச்சு, ஆயிரக்கணக்குல குஞ்சுகளை விட்டாங்க, 1999ல ஆபத்தான இனப் பட்டியல்ல இருந்து எடுத்தாங்க. அங்கத்திய கோடு மேல ஏறுறதைப் பாக்கும்போது அதுல எவ்வளவு மனுஷன் கொண்டு வந்து விட்டது எவ்வளவு தானா பொழைச்சதுன்னு பிரிச்சுப் பாக்கணும்.

இனி 2014 சர்வே. மொத்தம் கூடிருக்குன்னு சந்தோஷப்பட்டு மூடி வச்சா தப்பாயிடும், ஏன்னா கூடினது பெரும்பாலும் இங்கிலாந்து சமவெளியில, கல்குவாரியிலயும் ஊருக்குள்ள சர்ச் கோபுரத்துலயும். டெர்பி கதீட்ரல் கோபுரத்துல பைரி குடியிருக்கு, லண்டன்ல டேட் மாடர்ன் கலைக்கூடத்துப் புகைபோக்கியில வந்து உக்காரும், சிட்டியில புறாவுக்கா பஞ்சம். அதே நேரம் ஸ்காட்லாந்து மேட்டுநிலத்துல, அதாவது விஷம் அடிச்ச காலத்துல கூட ஓரளவு தாக்குப் பிடிச்ச அதே இடத்துல, எண்ணிக்கை இறங்குது. வடமேற்குல இரை கம்மியாகி இருக்கலாம்னு சொல்றாங்க, க்ரௌஸ் பறவைய வேட்டைக்காக வளக்கிற மேட்டுநிலப் பக்கம் சட்டவிரோதமா கொல்றது இன்னும் நடக்குது. ஒரு பக்கம் ஏறி இன்னொரு பக்கம் இறங்கி, கூட்டினா ப்ளஸ். மொத்த நம்பர் பொய் சொல்லல, ஆனா ஸ்காட்லாந்து மலையில என்ன நடக்குதுன்னு அது சொல்லவும் இல்ல.

ஊருக்குள்ள வந்ததுல எண்றவங்களுக்கும் தலைவலி. பழைய லிஸ்ட்ல இருக்கிற பாறைக்கு மட்டும் போய்ப் பாத்தா புதுசா வந்த கோபுரம், பாலம், மின்நிலையம் எல்லாம் விட்டுப் போகும், கணக்கு கம்மியா காட்டும். சரின்னு புதுசா நிறைய இடத்தைத் தேட ஆரம்பிச்சா கூடினது பறவையா தேடலான்னு குழப்பம். இதுக்காகத் தான் 2014ல தெரிஞ்ச இடங்களோட சேத்து, எங்கயும் முன்முடிவு இல்லாம தேர்ந்தெடுத்த சதுரக் கட்டங்கள்லயும் தேட விட்டாங்க, விட்டுப் போனது எவ்வளவுன்னு மதிப்பிட.

கூடு தேடாமயும் ட்ரெண்டு எடுக்கலாம். அமெரிக்காவுல பென்சில்வேனியா மாநிலத்துல ஹாக் மௌண்டன்னு ஒரு மலைமுகடு, இலையுதிர் காலத்துல தெற்க போற வல்லூறு கழுகு எல்லாம் அந்த முகட்டை ஒட்டிப் போகும், முன்னாடி அங்க நின்னு சுட்டுத் தள்ளுவாங்க, 1934ல ரோசலி எட்ஜ்ங்கிற அம்மா அந்த இடத்தையே எடுத்து சுடுறதை நிறுத்தி எண்ண வச்சாங்க. அதுல இருந்து எண்றாங்க, நடுவுல போர்க்காலத்துல கொஞ்ச வருஷம் தவிர. இது மொத்த எண்ணிக்கை ஆகாது, ஒரே முகட்டைத் தாண்டுறது எத்தனைங்கிற ஒரு அளவுகோல், அதுவும் காத்து திசை மாறினா அந்த நாள் நம்பரே மாறிடும். அதனால ஒரு நாளையோ ஒரு வருஷத்தையோ பாக்காம, எத்தனை மணி நேரம் நின்னாங்களோ அதால வகுத்து, பல வருஷத்தை சேத்துப் பாப்பாங்க. வயசும் குறிச்சுப்பாங்க, வெண்தலைக் கழுகுல (பால்ட் ஈகிள்) இளசுகளோட பங்கு குறையுதுன்னு டிடிடி காலத்துல காட்டிக் குடுத்த ஆதாரங்கள்ல இதும் ஒண்ணு.

நம்ம நாட்டுல இப்படி வரிசையா சர்வே பெரும்பாலான பறவைக்குக் கிடையாது. இருக்கிறது வேற மாதிரி, ஆயிரக்கணக்கான பேர் தாங்க பாத்த பறவைகளை எழுதி இ-பேர்ட்ங்கிற இணையதளத்துல போடுற லிஸ்ட். அதை வச்சு 2023ல இந்தியப் பறவைகளின் நிலைன்னு ஒரு அறிக்கை வந்துச்சு. அதுல ‘இத்தனை பறவை’ன்னு இருக்காது, ‘நூறு லிஸ்ட்ல எத்தனை லிஸ்ட்ல இந்தப் பறவை வந்திருக்கு’ங்கிறது தான் அளவு, பாக்கிறவங்க கூடிட்டே போறதால அதை சரிக்கட்டித் தான் கோடு போடுவாங்க. 942 இனத்தைப் பாத்ததுல நீண்டகால ட்ரெண்டு சொல்ல முடிஞ்சது 338க்கு மட்டும், அந்த 338ல 204 இறங்குமுகம், 98 நிலை, 36 ஏறுமுகம். மீதி அறுநூறு இனத்துக்கு ஏன் சொல்ல முடியலன்னா முக்கியமான ஒரு காரணம், 2000க்கு முன்னாடி லிஸ்ட் போதல. பழசு இல்லாம எதோட ஒப்பிடுறது. உங்க வீட்லயோ தெரிஞ்சவங்க வீட்லயோ 80கள் 90கள்ல பறவை பாத்து நோட்டுல எழுதின பெரியவங்க இருந்தா, தேதியும் இடமும் பாத்த பறவைப் பேரும் இருந்தா போதும், இ-பேர்ட்ல பழைய தேதியிலயே ஏத்தலாம், டைப் அடிக்கிற வேலைய நீங்க வாங்கிக்கோங்க.